கடலுக்கடியில் வைத்த காது

அன்று காலை அக்மரால் ஆய்வு நிலையத்துக்குள் நுழைந்ததுமே பாகிலா எழுந்துபோய் தேநீர் ஊற்றினாள். யாரும் கேட்கவில்லை, தானாகவே ஊற்றினாள். அதுவும் பாலை முதலில் விட்டு, அக்மராலுக்குப் பிடித்த பதத்தில். வருஷக்கணக்காகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பெண் இதுவரை தன் கிண்ணத்தைக்கூட ஒழுங்காகக் கழுவி வைத்ததில்லை. இன்றைக்கு என்ன திடீர்க் கரிசனம் என்று அக்மராலுக்கு உறுத்தியது.

நிலையப் பொறுப்பாளர் கயர்பெக் தன் மடிக்கணினியை மூடினார். அக்மராலின் தலை வாசலில் தெரிந்த அந்த நொடியில் மூடினார்.

"உக்காரும்மா அக்மரால். சாப்பிட்டியா? பாகிலா, அந்த பவுர்சாக்கை எடுத்து வை."

"என்னண்ணே, எல்லாரும் சேர்ந்து என்னைக் கொழுக்க வைக்கிறீங்க? வெட்டப் போறீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. வழக்கமாக அவளுடைய மட்டமான நகைச்சுவைக்குக்கூட கயர்பெக் மேசையைத் தட்டிச் சிரிப்பார். இன்று எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டித் தட்டைத்தான் அவள் பக்கம் நகர்த்தினார்.

அக்மராலுக்குச் சந்தேகம்தான் தொழில். காஸ்பியன் கடலுக்கடியில் பதிவாகும் சத்தங்களைக் கேட்டு, எது கடல்நாயின் குரல், எது கப்பல், எது வெறும் அலை என்று பிரிப்பது அவள் வேலை. அந்தப் புத்தியை வேலை முடிந்ததும் கோட்டைப் போலக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போக அவளுக்குத் தெரியாது. கடைக்காரன் ஓர் ஆப்பிள் கூடுதலாகப் போட்டால், அடியில் அழுகலை ஒளித்திருக்கிறானா என்று பையைக் கவிழ்த்துப் பார்ப்பாள். அப்படிப் பார்த்ததில் பாதி நேரம் அழுகல் இருக்கவும் செய்தது. அதுதான் வினை. ஒரு தடவைகூடப் பலிக்காமல் போயிருந்தால் அவளும் எப்போதோ திருந்தியிருப்பாள்.

இந்த இலையுதிர் காலத்தில் சந்தேகத்துக்கு நல்ல தீனி. பாவ்தினோ கரையில் செத்த கடல்நாய்கள் ஒதுங்கிக்கொண்டே இருந்தன. வீங்கிய வயிறும் திறந்த கண்ணுமாகக் கிடந்தவற்றில் பாதிக்கு மேல் சினைப்பட்டவை. எண்ணெய் தேடும் கம்பெனி ஒன்று கடலில் ஆய்வுக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் அழுத்தக் காற்றை வெடிக்கவிட்டு, அதன் எதிரொலியில் அடிமண்ணைப் படிக்கிற கப்பல் அது. கடல்நாய்கள் தீவுகளில் கூடும் மாதங்களில் வெடிக்கக் கூடாது என்பது கம்பெனி எழுதிக் கொடுத்த உறுதி. "நாங்கள் வெடிக்கவில்லை, நோயில் சாகின்றன, பழைய ரசாயன விஷம் கொழுப்பில் சேர்ந்திருக்கிறது" என்றது கம்பெனி. விஷம் இருந்ததும் உண்மைதான், பாகிலாதான் சோதித்துச் சொன்னாள். ஆனால் அது காலங்காலமாக இருக்கிற விஷம். இந்த வருஷம் மட்டும் ஏன் இப்படிக் கொத்துக் கொத்தாகச் சாக வேண்டும்?

அதற்குத்தான் தீவுக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கடலடியில் இறக்கியிருந்தார்கள். பார்க்கத் தடித்த குழாய் மாதிரி இருக்கும். ஒரு மணல்மூட்டையில் கட்டித் தண்ணீருக்குள் விட்டால் கிடந்த இடத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். நிலையத்தில் எல்லாரும் அதைக் 'காது' என்றே சொன்னார்கள். அந்தப் பெயரை வைத்தவன் அக்மராலின் தம்பி எசென், மீனவன். காதை இறக்கியதும் அவனுடைய படகிலிருந்துதான்.

வெள்ளிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். அதற்குள் காது கரைக்கு வந்து, வெடிச்சத்தம் அதில் இருந்தால், கப்பலை நிறுத்திவிடலாம். இல்லாவிட்டால் குட்டி போடும் காலம் முழுக்க அவர்கள் வெடிப்பார்கள். இன்று புதன்கிழமை ஆகியும் காது வரவில்லை, எசெனும் வரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவன் செல்பேசி அணைந்தே கிடக்கிறது.

"காது என்னாச்சுண்ணே?" என்றாள்.

"காத்து இறங்கலையேம்மா. காத்து இறங்கட்டும்."

"திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும் காத்தே இல்லையே?"

கயர்பெக் கிண்ணத்துக்குள் பார்த்தார். அதில் தேநீர் இல்லை.

அக்மராலுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது நினைவுக்கு வந்தது. எசென் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கம்பெனி மேலாளரோடு மீன் சூப் குடித்ததை ஊரே பார்த்திருந்தது. கம்பெனியில் காவல் படகு ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். அன்று மாலை அவன் அக்கா வீட்டுக்கு வந்தபோது அவள் கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"சூப் ருசியா இருந்துச்சா?"

"உப்புக் கொஞ்சம் தூக்கல்," என்று சிரித்தான் அவன். எதற்கும் சிரிக்கிற ஜென்மம்.

"அவங்ககிட்டப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி என் காதை எடுத்துக் குடுத்துட்டுப் போ. அதுக்காவது உனக்கு முகம் இருக்கா பாக்கறேன்."

அவன் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "எடுத்துக் குடுக்கறேன்க்கா," என்று மட்டும் சொன்னான். அக்கா உள்ளே கூப்பிடுவாளா என்று ஒரு கணம் நின்று பார்த்தான். அவள் கூப்பிடவில்லை. தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான்.

தேநீரைத் தொடாமல் அக்மரால் கோட்டை மாட்டிக்கொண்டாள். "எங்கம்மா போற?" என்று கயர்பெக் எழுந்தார். "துறைக்கு," என்றாள். "வேண்டாம்மா, குளுரு" என்றார். கடல் உறையும் மங்கிஸ்தாவில் பிறந்து வளர்ந்தவளுக்குக் குளிரைப் பற்றிப் பாடம். அவள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

துறையில் மீனவர்கள் நாலைந்து பேர் வலைக்குவியலைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவளைக் கண்டதும் பேச்சு கத்தரித்தது போல நின்றது. ஒருவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டான். இன்னொருவன் வேலை இருப்பதுபோல விறுவிறுவென்று நடந்து கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டான். எசென் தன் படகைக் கட்டிவைக்கும் இடம் காலியாக இருந்தது.

"எசென் எங்கே?"

கிழட்டு மாலுமி ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "வருவான்மா. நீ வீட்டுக்குப் போ. இங்க நிக்காதே."

"கடலுக்குப் போயிருக்கானா, கம்பெனிக்குப் போயிருக்கானா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் அவளை நேராகப் பார்க்காமல் அவள் கோட்டின் பொத்தானைப் பார்த்தார். "வீட்டுக்குப் போ, மகளே," என்றார் மறுபடியும். ஊர் முழுக்க வாயில் பூட்டுப் போட்டு, சாவியைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டதாக அக்மராலுக்குத் தோன்றியது.

எசென் மனைவியின் எண்ணுக்கு அழைத்தாள். எடுத்தது அவளுடைய தங்கை.

"அக்கா சந்தைக்குப் போயிருக்காங்க. நானும் சந்தையிலதான் இருக்கேன். அப்புறமா பேசறேன்." பட்டென்று வைத்துவிட்டாள்.

யாரிடம் பொய் சொல்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அக்மரால் அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு, கேட்டதை மனசுக்குள் மறுபடி ஓடவிட்டாள். சந்தையில் குரல் சிதறும், காற்று இருக்கும், தகரக் கூரை இரையும். இந்தக் குரல் மெத்தென்று ஒலித்தது. தரையிலும் சுவரிலும் கம்பளம் உள்ள அறை. பின்னால் பெரிய கொதிகலத்தின் சீறல், கிண்ணங்கள் உரசும் சத்தம், ஏகப்பட்ட பெண்கள். எசெனின் வீட்டில் கூட்டம். ஆட்டை அடித்துக் கலம் ஏற்றியிருக்கிறார்கள்.

புது வேலை கிடைத்ததற்கு விருந்து! அக்காவை மட்டும் விட்டுவிட்டு ஊரையே கூப்பிட்டு விருந்து. அக்மராலுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சின்ன வயதில் தன் கம்பளிக் கையுறையை அவனுக்கு மாட்டிவிட்டு, தான் விரல் விறைத்து நின்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தொலைத்தது. அழுகையைக் கோபமாக மாற்றுவது அவளுக்குக் கைவந்த கலை, நிலையம் போய்ச் சேருவதற்குள் மாற்றியும் விட்டாள்.

உள்ளே நுழையும்போது நடைக்கூடத் தரையில் சிப்பித் துணுக்கு ஒன்று காலில் நொறுங்கியது. குனிந்து பார்த்தாள். கடலடியில் வாரக்கணக்காகக் கிடக்கும் பொருள்களில் ஒட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு சிப்பி, இன்னும் ஈரம் காயவில்லை. இன்னொன்று கிடங்கு வாசலில் கிடந்தது. எப்போதும் திறந்தே கிடக்கும் கிடங்குக்கு இன்று பூட்டு.

ஆக, காது வந்துவிட்டது. வந்ததை அவளிடம் மறைக்கிறார்கள்.

"எத்தனை பேருண்ணே இதுல கூட்டு?" என்று அறைக்குள் பாய்ந்தாள். "காது உள்ள இருக்கு. நீங்க பூட்டி வச்சிருக்கீங்க. பதிவை அழிச்சாச்சா, இல்ல வெள்ளிக்கிழமை வரைக்கும் இப்படியே தேநீர் ஊத்தி என்னை ஓட்டலாம்னு பாக்கறீங்களா?"

கயர்பெக்கின் முகம் சாம்பலாகிவிட்டது. "அக்மரால், என்னை என்ன வேணா திட்டு. மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்கோ. உங்கிட்டப் பேசறதுக்குப் பெரியவங்க வராங்க. அக்தாவ் டவுன்லேருந்து கிளம்பிட்டாங்க."

"பெரியவங்களா? மேலாளரா, அவனுக்கும் மேலயா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா..."

"கம்பெனி நாயா மாறிட்டீங்க. உங்களைக்கூட விடுங்க, நீங்க யாரோ. என் கூடப் பொறந்தவன் என்னை வித்துட்டு வீட்ல விருந்து வைக்கிறான்! சொல்லிடுங்க அவன்கிட்ட. என் வாசப்படி மிதிக்க வேண்டாம். எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல. செத்துட்டான்னு நெனச்சுக்கறேன்!"

பாகிலாவின் கையிலிருந்த கிண்ணம் விழுந்து உடைந்தது.

"அய்யோ அக்கா, அப்படிச் சொல்லாதீங்க! வாயைக் கழுவுங்க அக்கா, உடனே வாயைக் கழுவுங்க!" என்று தேம்பினாள். தண்ணீர்க் குவளையை எடுத்து நீட்டினாள். நீட்டிய வேகத்தில் பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது.

அக்மரால் குவளையைத் தட்டிவிட்டாள். "குத்தமுள்ள நெஞ்சு அழுவுது," என்றாள். சாவி கயர்பெக்கின் மேசை இழுப்பறையில்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். எடுத்தாள். அவர் குறுக்கே வந்து கையைப் பிடித்தார், அவள் திமிறினாள். ஐம்பது வயது மனுஷன் கண் கலங்கி, "இப்ப வேண்டாம்மா, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்," என்றார். கும்பிடு போடுகிற அளவுக்கு என்ன வாங்கியிருப்பார் என்றுதான் அந்தப் பாவி மனசு நினைத்தது.

காது தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. கழுத்தில் ஒரு கயிறு, மும்முறை இறுக்கிப் போட்ட முடிச்சு, யாரோ கத்தியால் அறுத்திருந்தார்கள். முடிச்சு எசெனுடையது. அவள் நினைவட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு கேட்பறைக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

பதிவு அழிக்கப்படவில்லை. முழுசாக இருந்தது. அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஹெட்போனை மாட்டி முதல் வாரத்தை ஓட்டினாள். கடல்நாய்களின் கரகரப்பு, மணல் நகரும் சரசரப்பு, தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல். இரண்டாம் வாரத்தில் திரையில் வரிசையாகக் குத்துக் கோடுகள் எழுந்தன. கேட்டாள். தும். கொஞ்சம் இடைவெளி. தும். மறுபடி அதே இடைவெளி. நெஞ்சாங்கூட்டில் யாரோ முஷ்டியால் குத்துவது மாதிரி. வெடித்திருக்கிறார்கள், தடை மாதத்தில், தீவின் வாசலிலேயே! ஒவ்வொரு வெடிக்கும் பிறகு கடல்நாய்களின் குரல் அடங்கிப் போனது. கடைசியில் அது திரும்ப எழவேயில்லை.

அக்மரால் மேசையை ஓங்கி அடித்தாள். பிடித்துவிட்டாள். கம்பெனியின் பொய் கையும் களவுமாகக் கிடைத்துவிட்டது. இதை அழிக்காமல் ஏன் பூட்டி வைத்தார்கள் என்பது மட்டும் புரியவில்லை. கடைசிப் பகுதிக்கு ஓட்டினாள், திங்கட்கிழமைக்கு.

வெடிகளுக்கு நடுவே ஒரு படகு இயந்திரம் நெருங்கி வந்தது. நொண்டி நடப்பது போல இடறி இடறி வரும் அந்த ஓட்டம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பழுது பார்க்கச் சொல்லி எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். இயந்திரம் மேலே வந்து நின்றது. கயிறு உரசியது. தண்ணீரின் கனமான மௌனம் விலகி, காற்றின் இரைச்சல் பீறிட்டது. காது படகுக்கு வந்துவிட்டது, பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு, வெகு அருகில், குழாயோடு வாயை வைத்துப் பேசுவது போல ஒரு குரல்.

"அக்கா, கேக்குதா? உன் காதை எடுத்துட்டேன்." சிரிப்பு. "நீ மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டுத்தான் கேப்பே, தெரியும். கம்பெனிக்காரன் கூப்பிட்டது நெசம். மாட்டேன்னுட்டேன். சூப்பைக் குடிச்சு முடிச்சுட்டுத்தான் சொன்னேன், சூப்பு என்ன பாவம் பண்ணுச்சு? அன்னிக்கே சொல்ல வந்தேன். நீ கதவைத் திறக்கலையே." காற்று குரலைத் தின்றது. மறுபடி கேட்டபோது அது உரக்க, அவசரமாக இருந்தது. "அடேயப்பா, திடீர்னு புடிச்சுக்கிச்சு... இரு, முதல்ல இதைப் படகோட கட்டிடறேன். இது போச்சுன்னா நீ என்னைக் கொன்னுடுவே."

முடிச்சு இறுகும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு அலை. இயந்திரத்தை முடுக்கும் சத்தம், பிடிக்கவில்லை. மறுபடி முடுக்கும் சத்தம். ஏதோ பெரிதாகப் புரண்டது. அதற்குப் பிறகு காது மறுபடி தண்ணீருக்குள் இருந்தது. மரத்தை வெளியிலிருந்து ஒரு கை தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது. நடுநடுவே, தூரத்தில், அதே இடைவெளியில், தும், தும். அப்புறம் கை தட்டுவது நின்றது. தும் மட்டும் நிற்கவில்லை.

அவன் காதைக் கட்டினான். தன்னைக் கட்டிக்கொள்ள நேரமில்லை.

அக்மரால் ஹெட்போனைக் கழற்றினாள். சன்னலுக்கு வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அக்தாவிலிருந்து தாய்மாமன் துலெகேன் வந்திருந்தார். கூட இரண்டு கிழவர்கள், நல்ல தொப்பி போட்டுக்கொண்டு. பின்னால் துறையில் பார்த்த மீனவர்கள்.

இந்தக் கடற்கரை ஜனங்கள் நாங்கள், சாவுச் செய்தியை முகத்துக்கு நேரே போட்டு உடைக்க மாட்டோம். தொலைபேசியில் சொல்லவே மாட்டோம். உரியவருக்குத் தெரியாமல் ஊரே மூடி மறைத்து, சாப்பிட வைத்து, உட்கார வைத்து, குடும்பத்துப் பெரியவர் வந்து பக்குவமாகச் சொல்லும் வரை காவல் காப்போம். போன வருஷம் பாகிலாவின் அப்பா போனபோது, அரை நாள் முழுக்க அவளைச் சோதனைக் குழாய்களைத் திரும்பத் திரும்ப எண்ண வைத்து ஏமாற்றியது வேறு யாருமில்லை, அக்மரால்தான். அன்று தேநீரில் பாலை முதலில் விட்டுக் கொடுத்ததும் அவள்தான். கண்ணெதிரே வரிசையாக நடந்தும் அவளுக்குத் தெரியவில்லை. கம்பெனியைத் தவிர வேறெதையும் பார்க்க அவள் கண்ணுக்கு மனமில்லை.

அவள் தாழ்ப்பாளைத் திறந்தாள். எல்லாரும் நடைக்கூடத்தில் நின்றார்கள். துலெகேன் மாமா அவள் இரண்டு கைகளையும் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். எங்கேயோ தொலைவில் பார்த்தபடி ஆரம்பித்தார்.

"மகளே, கையில வளர்த்த வல்லூறு ஒரு நாள் வாரை அறுத்துக்கிட்டு உயரப் போயிடுதுன்னு வை. வேட்டைக்காரன் வானத்தைப் பார்த்து வைய முடியுமா..."

"சுத்தி வளைக்காதீங்க மாமா," என்றாள் அக்மரால். "அவனே என்கிட்டச் சொல்லிட்டான்."

மாமா கயர்பெக்கைப் பார்த்தார். கயர்பெக் தலையைக் குனிந்துகொண்டார். கவிழ்ந்த படகிலிருந்து மீனவர்கள் காதை அறுத்துக் கொண்டுவந்ததும், பதிவைப் பிரதி எடுத்து அந்தக் குரலை அவர் காலையிலேயே கேட்டிருந்தார், அவள் உள்ளே வந்தபோது அதைத்தான் மூடினார்.

"என்னம்மா சொன்னான்?" என்றார் மாமா, பாவம், என்ன கேட்பதென்று தெரியாமல்.

"போகலைன்னு சொன்னான். கம்பெனிக்குப் போகலையாம். நான் கதவைத் திறக்கலையாம்."

நினைவட்டையைக் கயர்பெக்கின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "வெள்ளிக்கிழமை முழுசாப் போடுங்கண்ணே. அவன் பேசறதை வெட்டிடாதீங்க. கடைசி வரைக்கும் போடுங்க."

கயர்பெக் தலையாட்டினார். மீனவர்களில் ஒருவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தோள் குலுங்கினான். அக்மரால் இன்னும் அழவில்லை. அவள் பாகிலாவைத் தேடினாள். பாகிலா உடைந்த கிண்ணத்துச் சில்லுகளைத் துணியில் ஏந்திக்கொண்டு வாசலோரம் நின்றிருந்தாள்.

"பாகிலா," என்றாள் அக்மரால், "கொஞ்சம் தண்ணி குடும்மா. வாயைக் கழுவணும்."